சவுக்குக்குப்பத்தின் எண்ணூறு ஓட்டு

தேர்தலில் கட்சி தோற்றுப் பதினோரு நாள் ஆகியும் அன்பரசியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் குழம்பை ஏற்றிவிட்டு வாசலுக்கு வருவாள். வாசலில் நின்றால் உள்ளே போன் அடிப்பதுபோல் இருக்கும். ஓடிப்போய்ப் பார்த்தால் அது கட்டிலில் சும்மா கிடக்கும். மறுபடி வாசல். அதற்குள் குழம்பு அடிப்பிடித்துவிடும்.

"தோத்தது செல்வராஜ். நீ எதுக்கு உள்ளயும் வெளியயும் நடந்துகினு கீற?" என்றான் அவள் கணவன் சம்பத். ஓ.எம்.ஆரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறவன். காலை ட்ரிப் முடித்து வந்து, கருகின குழம்பைக் குறை சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"மாவட்டம் போன் பண்றன்னாரு." மாவட்டச் செயலாளர் தர்மராஜைக் கட்சியில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

"பண்ணா பண்றாரு. உன் மேல இன்னா தப்பு?"

அவள் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அந்தக் கேள்வியைத்தான் பதினோரு நாளாக நடந்து நடந்து தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்பரசிக்கு நாற்பத்தாறு வயது. திருப்போரூருக்கு மேற்கே, நெல்வயலும் மனைப்பிரிவும் மாறிமாறிக் கிடக்கிற ஒரு கிராமத்துக்காரி. இருபத்திரண்டு வருடமாகக் கட்சியில் இருக்கிறாள். ஆறு வருடமாக ஒன்றிய மகளிரணி அமைப்பாளர். மேடையில் நின்று பேச வராது. ஆனால் வாக்காளர் பட்டியலைக் கையில் கொடுத்தால், எந்த வீட்டில் யார் செத்துப்போனது, யார் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனது, யார் பொத்தேரியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறது என்று பக்கம் பக்கமாகச் சொல்லிவிடுவாள். அதனால்தான் இந்தத் தேர்தலில் கடற்கரை ஓரத்து பூத்துகளை அவள் பொறுப்பில் விட்டிருந்தார்கள்.

அதில் சவுக்குக்குப்பமும் ஒன்று. மாமல்லபுரத்துக்கு வடக்கே, மெயின் ரோட்டிலிருந்து மணல் பாதையில் உள்ளே போக வேண்டிய மீனவர் குப்பம். இரண்டு பூத். போன தேர்தலில் அந்த இரண்டிலும் சேர்த்துக் கட்சிக்கு விழுந்தது தொள்ளாயிரத்து மூன்று ஓட்டு. இந்த முறை தொண்ணூற்றாறு. குறைந்த எண்ணூற்றுச் சொச்சமும் அப்படியே அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. வேட்பாளர் செல்வராஜ் தோற்றது ஆயிரத்து முந்நூற்று இரண்டு ஓட்டில். இங்கே குறைந்தது அங்கே கூடியதில் மட்டும் வித்தியாசம் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம். கணக்குத் தெரிந்தவன் தெரியாதவன் எல்லோருக்கும் விஷயம் ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. எண்ணிக்கை நடந்த இன்ஜினியரிங் காலேஜ் வராண்டாவில் அந்தச் சுற்று முடிவைச் சொன்னபோது, நின்றிருந்த கட்சிக்காரர்கள் மொத்தப் பேரும் அன்பரசியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பதினோராம் நாளான அன்றைக்கு மதியம் அந்தப் போன் வந்தது. உடனே செங்கல்பட்டுக்கு வரச் சொன்னார்கள். சாப்பிடாமலே கிளம்பினாள்.

மாவட்டக் கட்சி அலுவலகத்தில் தர்மராஜ் தனியாகத்தான் இருந்தார். வழக்கமாக அவரைச் சுற்றி இருபது பேர் நிற்பார்கள். தோல்விக்குப் பிறகு அந்த அறை பெரிசாகிப்போனது போலிருந்தது.

"உக்காரும்மா. டீ சொல்லட்டுமா?"

"வேணாம் அண்ணே."

"நாளைக்கு மாமல்லபுரத்துல ஆய்வுக் கூட்டம். தலைமையிலிருந்து திருநாவுக்கரசு ஐயா வர்றாரு. தோத்ததுக்கு யார் காரணம்னு கேப்பாரு. யாரும் காரணம் இல்லன்னு சொல்ல முடியாது. வேட்பாளர் காரணம்னு சொல்லவும் முடியாது, ஏன்னா சீட்டு குடுத்தது தலைமை. நான்தான் காரணம்னு நான் சொல்லப் போறதில்ல." சிரிக்காமல்தான் சொன்னார். "அப்ப யாரு?"

அவர் ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். டைப் அடித்து வைத்திருந்தது. சவுக்குக்குப்பம் கிளைச் செயலாளர் ஜெரோம், மாற்றுக் கட்சியினரோடு கைகோத்துக்கொண்டு உள்ளடி வேலை செய்து, கட்சி வேட்பாளரின் தோல்விக்குக் காரணமாக இருந்தார் என்று எழுதியிருந்தது. கீழே பொறுப்பாளர் என்ற இடத்தில் அவள் பெயர்.

"ஜெரோமா? அவன் அப்பிடிப்பட்ட ஆளு இல்ல அண்ணே."

"ஆளு எப்படிப்பட்ட ஆளுன்னு நான் கேக்கல. எண்ணூறு ஓட்டு எங்க போச்சுன்னு கேக்கறாங்க. அந்த ஊர் கிளைச் செயலாளர் அவன். அந்த ஊர் பொறுப்பாளர் நீ. ரெண்டு பேர்ல ஒருத்தர்." அவர் குரலைத் தாழ்த்தினார். "மாவட்ட மகளிரணிய மாத்தப் போறாங்க. உன் பேரைத்தான் சொல்லி வச்சிருக்கேன். இருபது வருஷமா நாற்காலி தூக்கிப் போட்டுகிட்டே இருந்தா எப்படி?"

"வூட்ல படிச்சுப் பாத்துட்டு நாளைக்குக் கையெழுத்துப் போட்டுத் தரேன் அண்ணே."

"படிக்கறதுக்கு அதுல என்ன இருக்கு?" என்றார். ஆனாலும் எடுத்துக்கொண்டு போக விட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தாளை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்தாள். பிறகு எடுத்தாள். பிறகு வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "இன்னா தேடறீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

அவள் தேடியது ஏப்ரல் மாதத்து ஒரு மதியத்தை.

அன்றைக்குச் சவுக்குக்குப்பத்துக்குச் செல்வராஜ் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தது. கூடுவாஞ்சேரியில் மனை வியாபாரம் செய்கிறவர் அவர். கடற்கரைப் பக்கம் அவருக்குப் புதிது. குப்பத்துக்கு ஒரே ஒரு கோரிக்கைதான். வடக்கே அலையைத் தடுக்க வரிசையாகக் கல் கொட்டியதிலிருந்து கடல் இவர்கள் பக்கம் ஏறிக்கொண்டிருந்தது. முன்வரிசை வீடுகளில் ஏழு போய்விட்டன. எங்களுக்கும் கல் கொட்டிக் கொடுங்கள் என்று ஐந்து வருடமாகக் கேட்கிறார்கள். வேட்பாளர் நேரில் வந்து, இறங்கி நடந்து, இடிந்த வீடுகளைப் பார்ப்பார் என்று அன்பரசி வாசல் வாசலாகச் சொல்லியிருந்தாள். குகை போலக் கட்டிய மாதா கெபி முன்னால் இருநூறு பெண்கள் ஆரத்தித் தட்டோடு வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒன்றரை மணிக்கு வேன் வந்தது. மெயின் ரோடு திருப்பத்தில் அன்பரசி ஓடிப்போய் நின்றாள். செல்வராஜ் கண்ணாடியை இறக்கி மணல் பாதையைப் பார்த்தார்.

"எத்தனை ஓட்டு இங்க?"

"ஆயிரத்து நானூறு அண்ணே. போன தடவ நமக்கு தொள்ளாயிரம் வுழுந்துது."

"அப்ப நம்ம ஓட்டுதானே? நம்ம ஓட்டுக்கிட்டயே போய் எதுக்கு ஓட்டு கேட்டுகிட்டு? நீ பாத்துக்கம்மா."

கண்ணாடி ஏறியது. வேன் போய்விட்டது.

மணல் பாதையில் அவள் தனியாகத் திரும்பி நடந்தாள். எதிரே இருநூறு முகம். கிளைச் செயலாளர் ஜெரோம் ஓடி வந்தான். முப்பத்தெட்டு வயது, ஃபைபர் படகு வைத்திருக்கிறவன், அவளைக் கூடப் பிறந்தவளைப்போல அக்கா அக்கா என்று கூப்பிடுகிறவன். "இன்னாக்கா, வண்டி போய்ட்ச்சி?" என்றான்.

வாயிலிருந்து தானாக வந்தது. "அண்ணனுக்கு மயக்கம் வந்துட்டுது ஜெரோம். பிரஷராம். ஆஸ்பத்திரிக்கி தூக்கினு போறாங்க."

ஜெரோம் பிரச்சார ஆட்டோவில் ஏறி மைக்கில் அதை ஊருக்கே சொன்னான். சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. பெண்களில் மூத்தவளான ஞானம்மாள் ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சுடுமணலில் முட்டி போட்டாள். மற்றவர்களும் போட்டார்கள். முகம் தெரியாத ஒரு மனிதனின் உடம்புக்காக இருநூறு பெண்கள் ஜெபம் சொன்னார்கள். அன்பரசியும் கைகூப்பி நின்றாள். வேறென்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சாயங்காலத்துக்குள் வீடியோ வந்துவிட்டது. ஒரு கடற்கரை ஓட்டலில், இன்னொரு மனை வியாபாரியின் பெண்ணுக்குப் பிறந்தநாள். செல்வராஜ் கேக்கை வெட்டி ஊட்டுகிறார், பாட்டுக்குக் கைதட்டுகிறார், பெரிய இறாலை உரித்துச் சாப்பிடுகிறார். யாரோ பெருமையாக ஸ்டேட்டஸில் போட்டது, விளக்கு வைப்பதற்குள் குப்பத்தில் எல்லாப் போனிலும் வந்து நின்றது. ஜெரோம் கூப்பிட்டு, "அவரு ஆளுங்க உன்னயும் ஏமாத்திட்டானுங்கக்கா" என்றான். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இதுகூடப் பரவாயில்லை. இதற்கு மேலும் ஒன்று இருந்தது. அதை அவள் சம்பத்திடம்கூடச் சொல்லவில்லை.

ஓட்டுப் போடுகிற அன்று, தன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஏழு மணிக்கே முதல் ஆளாக வரிசையில் நின்றாள். உள்ளே போய் மெஷின் முன்னால் நின்றதும் கட்சிச் சின்னம் கண்ணுக்கு நேராக இருந்தது. இருபத்திரண்டு வருடமாக அவள் கை தானாகப் போய் அழுத்துகிற சின்னம். அன்றைக்குக் கை போகவில்லை. சுடுமணலில் முட்டி போட்ட ஞானம்மாள் ஞாபகத்துக்கு வந்தாள். விரல் அப்படியே கீழே இறங்கி, கடைசியில் இருந்த நோட்டாவை அழுத்தியது. பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் சீட்டு ஏழு விநாடி தெரிந்துவிட்டு விழுந்தது. வெளியே வந்து, மை வைத்த விரலைத் தூக்கிக் காட்டிக் கட்சிக்காரர்களோடு போட்டோ எடுத்துக்கொண்டாள்.

ஆயிரத்து முந்நூற்று இரண்டில் ஒரே ஒரு ஓட்டு. அது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். தன்னிடமே எத்தனையோ முறை அதைச் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டும்போது ஜெரோம் போன் செய்தான்.

"அக்கா, நாளைக்கி மீட்டிங்குக்கு என்னயும் வரச் சொல்லிக்கீறாங்க. தலைமையில இருந்து வர்றாங்களாமே?"

"ஆமாண்டா."

"நல்லதாப் போச்சுக்கா. நான் எல்லாத்தையும் சொல்லிட்றேன். குப்பத்துல ஏன் போடலன்னு வெவரமா சொல்லிட்டு, அப்பிடியே கல்லு விஷயத்தயும் காதுல போட்டு வைக்கலாம். ஆட்சி இல்லன்னா இன்னா, பெரிய மனுஷங்க சொன்னா நடக்கும் இல்ல?"

"ஜெரோம்," என்றாள். சிக்னல் சரியில்லை என்று சொல்லிக் கட் பண்ணினாள். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் மாமல்லபுரத்தில் கூட்டம் நடந்த ஓட்டல் ஹாலில் ஏ.சி. குளிர் நடுக்கியது. அறுபது பேர் இருந்தார்கள். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு அப்பால் கடல் சத்தமே இல்லாமல் புரண்டுகொண்டிருந்தது. திருநாவுக்கரசு எழுபது வயதைத் தாண்டியவர், ஒல்லியான ஆள். ஒரு சின்ன நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டே கேட்டார். யார் பேசினாலும் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

நகரச் செயலாளர் ஒன்றியத்தைக் குறை சொன்னார். ஒன்றியம் இளைஞரணியைச் சொன்னது. இளைஞரணிக்காரர் கூட்டணிக் கட்சி வேலையே செய்யவில்லை என்றார். ஒருவர் மழையைக்கூடச் சொன்னார். அன்பரசி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். தர்மராஜ் இரண்டு முறை அவளைப் பார்த்து, தாள் எங்கே என்பதுபோலக் கையை அசைத்தார்.

கடைசியில் செல்வராஜ் எழுந்தார். "ஐயா, யாரும் சொல்லாத விஷயத்த நான் சொல்றேன். என்னைத் தோக்கடிச்சது எதிர்க்கட்சி இல்ல. கூடவே இருந்தவன். சவுக்குக்குப்பத்துல எண்ணூறு ஓட்டு எப்படிய்யா ஒரே ராத்திரியில மாறும்? வித்துட்டான்." கையை நீட்டினார். "அதோ, பின்னால நிக்கிறான் பாருங்க."

பின்னால் சுவரோரம் நின்றிருந்த ஜெரோம், தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

"நீதான் ஜெரோமா?" என்றார் திருநாவுக்கரசு. "முன்னால வா."

அவன் வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் இடிந்த வீடுகளின் போட்டோக்கள் இருந்தது அன்பரசிக்குத் தெரியும். "ஐயா, நான் ஒண்ணும் பண்ணலய்யா. எங்க ஊர்ல இன்னா நடந்ததுன்னா…" என்று ஆரம்பித்தான்.

"இருப்பா. பொறுப்பாளர் அறிக்கை இருக்கு," என்று தர்மராஜ் குறுக்கே வந்தார். "அன்பரசி, எந்திரிம்மா."

அவள் எழுந்தாள். முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருக்கவில்லை.

"ஐயா, ஜெரோம் எந்தத் தப்பும் பண்ணல. ராத்திரி பகலா வேலை செஞ்சான். அந்த ஊரு ஓட்டு போனதுக்குக் காரணம் நான்." செல்வராஜ் பக்கம் கையைக் காட்டினாள். "அன்னைக்கி அண்ணன் ரோட்டோட திரும்பிப் போய்ட்டாரு. இருநூறு பொம்பளைங்க வெயில்ல காத்துகினு இருந்தாங்க. அவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியாம, அண்ணனுக்கு மயக்கம், ஆஸ்பத்திரிக்கிப் போய்ட்டாருன்னு நான் பொய் சொன்னேன். எனக்கு யாரும் அப்பிடிச் சொல்லச் சொல்லல. நானா சொன்னது. அவங்க ஜெபம் பண்ணாங்க. அப்புறம் அந்த வீடியோ வந்துட்ச்சி."

ஹாலில் லேசான முனகல் எழுந்தது. செல்வராஜ், "அது ஒரு முக்கியமான நிகழ்ச்சி, நான் போயே ஆகணும்," என்றார் யாரிடம் என்றில்லாமல்.

நிறுத்திக்கொண்டிருக்கலாம். நிற்க முடியவில்லை.

"இன்னொண்ணும் கீதுய்யா. நானே ஓட்டுப் போடல. எங்க ஊரு பூத்துல நோட்டாவுல போட்டேன்."

இதற்குத்தான் கூட்டம் கொதித்தது. ஒரே நேரத்தில் பத்துப் பேர் எழுந்தார்கள். துரோகி என்றது ஒரு குரல். இருபது வருடமாகக் கட்சிச் சோறு தின்றவள் என்றது இன்னொன்று. அவள் கட்சியில் தின்றது தேர்தல் நேரத்துப் பொட்டலச் சோறுதான். அதை இப்போது யாரிடம் சொல்வது? தர்மராஜின் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை அதில். பெரிய பாரத்தை இறக்கி வைத்தவரின் முகமாக இருந்தது.

திருநாவுக்கரசு கையைத் தூக்கிக் கூட்டத்தை அடக்கினார். "ஏம்மா, இது உன்னைத் தவிர யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எதுக்குச் சொல்ற?"

"தெரியலய்யா. உள்ள வச்சிகினு இருக்க முடியல."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "பிரச்சாரத்துல ஒரு பொய் சொன்ன, அது பெரிய விஷயம் இல்ல. வேட்பாளரக் காப்பாத்தறதுக்குச் சொன்னதுதானே? ஆனா ஓட்டுப் போடலன்னு சபையில சொல்லிட்ட பாரு, அத நான் எழுதாம விட முடியாது." பென்சிலை எடுத்து ஒரு வரி எழுதினார். அடுத்த பூத் என்றார்.

எண்ணூறு ஓட்டைக் கொண்டுபோன பொய்யை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. ஒற்றை ஓட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அன்பரசிக்கு அது புரியவே இல்லை. பர்ஸில் இருந்த தாளை எடுத்து, கையெழுத்துப் போடாமலே தர்மராஜுக்கு முன்னால் இருந்த மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

ஜெரோம் ஓட்டல் கேட்டருகே பைக் பக்கத்தில் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கிட்டே போனாள்.

"ஜெரோம், உன்மேல நடவடிக்கை எதுவும் வராதுன்னு நினைக்கிறன்."

"உனக்குத் தெரிஞ்சே சொன்னியா?"

"இன்னாது?"

"மயக்கம்னு. பொய்யின்னு தெரிஞ்சேதான் என்கிட்ட சொன்னியா?" அவன் குரல் உயரவே இல்லை. "நான் மைக்கப் புடிச்சி ஊருக்கே சொன்னன். அழுதுகினே சொன்னன். அன்னையிலருந்து எங்க ஊர்ல என்னய இன்னான்னு கூப்புட்றாங்க தெரியுமா? மயக்கம்னு கூப்புட்றாங்க. 'மயக்கம் வர்றான் பாரு'ன்னு சின்னப் பசங்ககூட. ஊர்க் கூட்டத்துல என்னய உக்கார வைக்கறதில்ல. நான் இன்னா சொல்லிகினு இருந்தன்? எங்க அக்காவயும் சேத்து ஏமாத்திட்டாங்கன்னு ஒவ்வொரு வூடா சொல்லிகினு இருந்தன்."

"ஜெரோம்…"

"என்னக் காப்பாத்தறன்னு நெனைச்சி உள்ள பேசுன. கட்சி என்னய வச்சிருந்தா இன்னா, தூக்கிப் போட்டா இன்னா? எனக்கு ஊருதான முக்கியம். ஊருக்கு வந்து சொல்லி இருக்கலாம் இல்ல?"

பைக்கை உதைத்துக் கிளப்பினான். போட்டோ இருந்த கவர் ஹேண்டில்பாரில் ஆடிக்கொண்டே போனது.

கட்சிப் பத்திரிகையில் மூன்றாம் நாளே அறிவிப்பு வந்தது. கட்சியின் கட்டுப்பாட்டை மீறியதால் அன்பரசி அடிப்படை உறுப்பினர் பொறுப்பிலிருந்தும் நீக்கப்படுகிறார், கட்சியினர் யாரும் அவருடன் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஜெரோம் பெயர் எங்கும் இல்லை. ஒரு துரோகி கிடைத்ததும் அவர்களுக்குப் போதுமாகிவிட்டது. வாட்ஸாப் குழுக்களிலிருந்து ஒவ்வொன்றாக அவளை எடுத்தார்கள். பதினேழு குழு. மத்தியானத்துக்குள் போன் ஊமையாகிவிட்டது.

சம்பத் செய்தியைப் படித்துவிட்டு, "நோட்டாவா?" என்றான்.

"உம்."

"என்கிட்ட சொல்லி இருக்கலாம்."

"சொன்னா இன்னா சொல்லியிருப்ப?"

யோசித்தான். "நானும் போடலன்னு சொல்லியிருப்பன்," என்றான்.

அவள் அன்றைக்கு முதன்முறையாகச் சிரித்தாள். ஆனால் சிரிப்பு முடிந்ததும் பழையபடி எழுந்து வாசலுக்குப் போனாள். கட்சி போனதும் அந்தத் தவிப்பும் போய்விடும் என்று நினைத்திருந்தாள். போகவில்லை. இடம் மாறி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை சவுக்குக்குப்பத்துக்குப் பஸ் ஏறினாள். கரையில் மீன் ஏலம் முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஞானம்மாள் கூடையில் ஐஸ் போட்டு மீன் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

அன்பரசி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள். பொய் சொன்னது தான்தான் என்றும் ஜெரோமுக்குத் தெரியாது என்றும்.

ஞானம்மாள் கூடையை மூடினாள். "அந்த ஆளு வந்தா இன்னா, வராட்டி இன்னா? எத்தினி பேரப் பாத்துக்கீறோம். அவன் வரலன்னு சொல்லிட்டுப் போயிருந்தா நாலு வார்த்த திட்டிட்டு உன் மூஞ்சிக்காகப் போட்டிருப்போம். இந்த ஊர்ல கட்சிக்கா ஓட்டு வுழுந்துது? நீ வந்து நின்ன, அதுக்கு வுழுந்துது."

"தெரியும்மா."

"உனக்குத் தெரியாது. முட்டி வெந்துபோச்சு எனக்கு அந்த மணல்ல. நீ பக்கத்துல நின்னு கைய கூப்பிகினு இருந்த. நான் கண்ணத் தொறந்து பாத்தன், உன் கண்ணுல தண்ணி. இவளுக்கு இன்னா பாசம்னு நெனச்சன்."

அன்பரசி பார்வையைத் திருப்பினாள். கொஞ்ச தூரத்தில், படகுக்குப் பக்கத்தில் ஜெரோம் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"என்கிட்ட சொன்னா ஆச்சா?" என்றாள் ஞானம்மாள். "அவன் ஊருக்கு முன்னால நின்னு சொன்னான். நீயும் ஊருக்கு முன்னால சொல்லு. நாளைக்கிப் பூசை முடிஞ்சி எல்லாரும் வெளிய வருவாங்க. வா."

மறுநாள் போனாள். மாதா கோயில் வாசலில், முந்நூறு பேருக்கு முன்னால், மேடையில் பேச வராதவள் பேசினாள். இடையில் இரண்டு முறை குரல் நின்றுபோனது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. முடித்ததும் யாரும் மன்னித்தோம் என்று சொல்லவில்லை. பின்னால் ஒரு பெண், "பொய் சொல்றதுக்கு மட்டும் வாய் வந்துதா?" என்று கேட்டாள். அதற்கும் நின்று, "வந்துட்டுதும்மா" என்றாள். ஊர்ப் பெரியவர் ஒருவர் ஜெரோமைப் பார்த்து, "சாயங்காலம் கூட்டத்துக்கு வந்துடுடா" என்று மட்டும் சொன்னார். ஜெரோம் தலையாட்டினான். அன்பரசி பக்கம் திரும்பாமல் நடந்து போய்விட்டான்.

கூட்டம் கலைந்தபிறகு ஞானம்மாள் அவளை இடிந்த வீடுகள் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். எட்டாவது வீட்டின் பின்சுவரில் விரிசல் விட்டிருந்தது. தேர்தலின்போது அந்த விரிசல் இல்லை.

"திங்கக்கெழம கலெக்டராபீசுல மனு குடுக்கப் போறோம். புதுசா ஜெயிச்ச ஆளும் வர்றன்னு சொல்லிக்கீறாரு. வர்றாரோ இல்லியோ. நீ வர்றியா?"

"நான் இப்ப கட்சியில இல்லம்மா. நான் வந்தா உங்களுக்கு ஆவாது. அந்தப் பக்கத்து ஆளு என்னப் பாத்தாலே மனுவுக்குக் கூட நிக்க மாட்டாரு."

"நீ முன்னால நிக்காத. யாரும் உன்னப் பேசச் சொல்லல. வூட்டுக்காரங்க பேரு, வூட்டு நம்பரு, எந்த வருசம் எது வுழுந்துது, அதெல்லாம் வரிசையாக் கேட்டு எழுத உனக்குத்தான் தெரியும். எழுதிக் குடு. நாங்க பேசிக்கிறோம்."

அன்பரசி அங்கேயே ஒரு கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் உட்கார்ந்தாள். யாரோ பேப்பரும் பேனாவும் கொண்டுவந்து கொடுத்தார்கள். முதல் வீடு யாருடையது, அலை எந்த மாதம் எடுத்தது என்று கேட்டுக் கேட்டு எழுத ஆரம்பித்தாள். நான்காவது பெயர் வரும்போது ஞானம்மாளுக்கு வருடம் நினைவில்லை. "ஜெரோமக் கேக்கணும், அவங்க சித்தப்பன் வூடு அது," என்றாள்.

அன்பரசி எழுந்து, மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு, அவன் படகு நிற்கும் பக்கம் நடந்தாள்.